கத்தரி வைக்கும் முன் இலையை எண்ணுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து நாளன்று எந்தப் பந்தலுக்குள் நுழைந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "மூணு கண்ணா, நாலு கண்ணா?" குச்சியில் எத்தனை கண் விட்டு வெட்டுவது என்று ஆட்கள் கேட்பார்கள், தோட்டக்காரர் சொல்வார், கத்தரி ஓடத் தொடங்கிவிடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்னும் ஐம்பது நாளில் இந்தப் பந்தலின் மேல் எத்தனை அடுக்கு இலை நிற்க வேண்டும்?

திராட்சைக்கு இனிப்பைக் கொடுப்பது உரமும் தண்ணீரும் என்றே பலரும் நினைக்கிறோம். அவை வேண்டும், ஆனால் பழத்துக்குள் போகும் சர்க்கரையை வெயிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு சமைப்பது இலை. கவாத்து என்பது அந்த அடுப்புகளின் எண்ணிக்கையையும் அவை எங்கே அமையும் என்பதையும் நிர்ணயிக்கும் வேலை. குலை அதன் விளைவு. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கோணத்திலிருந்துதான் பேசுகிறது. பன்னீர் திராட்சையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்துப் பன்னீர் திராட்சையைத்தான் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கத்துப் பந்தல்களில் பெரும்பாலும் பார்க்கிறோம். ஓடைப்பட்டி விதையில்லா திராட்சைக்காரர்களுக்கு வேறுபடும் இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

இலைக்கு எவ்வளவு வெயில் போதும்?

உச்சி வெயிலை ஒரு முழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திராட்சை இலை அதில் ஐம்பது பைசாவுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் ஒளிச்சேர்க்கை பெரிதாகக் கூடுவதில்லை. அப்படியானால் மிச்சம் கீழே இருக்கும் இலைக்குப் போகுமே என்று தோன்றும். போகாது. ஓர் இலையைத் தாண்டி அடுத்த பக்கம் வருவது பத்துப் பைசாவுக்கும் குறைவு. முழு நிழலில் நிற்கும் இரண்டாம் இலைக்கு அந்தப் பத்துப் பைசா. அதற்கும் கீழே மூன்றாம் இலைக்கு ஒரு பைசா. அந்த ஒரு பைசாவில் இலை தன் மூச்சுச் செலவைக்கூட ஈடுகட்ட முடியாது. கொஞ்ச நாளில் மஞ்சளித்து உதிரும்.

அடர்ந்த பந்தலைப் பார்த்து "கொடி நல்லா கவிஞ்சிருக்கு" என்று மகிழ்வது இதனால்தான் ஆபத்து. மேலே நின்று பார்த்தால் பச்சை; கீழே நின்று பார்த்தால் பாதி இலை வேலையில்லாமல் நிற்கும். நிழல் இலை மற்ற இலைகளின் சர்க்கரையை உறிஞ்சிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. முதிர்ந்த இலை வெளியிலிருந்து சர்க்கரை வாங்குவதே கிடையாது. அது செய்யும் கெடுதல் வேறு: காற்றை அடைக்கிறது, பனி ஈரத்தைப் பிடித்து வைத்து அடிச்சாம்பல் நோய்க்கு இடம் கொடுக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, இலைக்காம்பின் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் கண்ணை இருட்டில் வைக்கிறது. அந்தக் கண்ணுக்குள்தான் உங்கள் அடுத்த வெள்ளாமை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இலைக்கு வயதும் உண்டு. தளிராக விரியும்போது அது கொடியிடம் வாங்கித் தின்னும் குழந்தை. முழு அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, பாதியை நெருங்கும்போதுதான் சர்க்கரையை வெளியே அனுப்பத் தொடங்கும். ஏறத்தாழ நாற்பது நாள் வயதில் உச்ச வேலை செய்யும். பிறகு மெல்லத் தளரும். வெப்பமும் கணக்கில் வரும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இலைக்குச் சுகம். 35-ஐத் தாண்டினால் வேகம் இறங்கும். இரு பக்கமும் மலை நின்று வெயிலைத் தணிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்த வகையில் நல்ல கொடுப்பினை.

ஒரு கொடிக்கு எத்தனை தளிர்?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பேனாவை எடுத்து உங்கள் தோட்டத்து அளவுகளை வைத்து நீங்களும் கூடவே போடுங்கள்.

பன்னீர் திராட்சைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். அப்படியென்றால் ஒரு கொடிக்குப் பந்தலில் கிடைக்கும் கூரை 6 சதுர மீட்டர். அந்தக் கூரையை ஒன்றரை அடுக்கு இலை மூடினால் போதும். மேல் இலை முழு வெயிலில், அடியில் பாதி இலைகள் இடைவெளியில் விழும் வெயிலில். ஒன்றரை அடுக்கு என்றால் 9 சதுர மீட்டர் இலை. ஒரு கிலோ பழத்தை ஒழுங்காகப் பழுக்க வைக்க ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இலை வேண்டும் என்பது உலகெங்கும் திராட்சை ஆராய்ச்சியாளர்கள் கண்ட அளவு. கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆக, ஒரு கொடி தாங்கும் பழம் ஒரு வெள்ளாமைக்கு 9 கிலோ. ஏக்கருக்கு 670 கொடி என்று வைத்தால் 6 டன். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை, 12 டன். எக்டேருக்கு 30 டன் என்று பல்கலைக்கழகம் பன்னீர் திராட்சைக்குச் சொல்லும் மகசூலும் இதுவேதான். வெயிலிலிருந்து தொடங்கினாலும் தராசிலிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறோம் பாருங்கள்.

அந்த 9 சதுர மீட்டர் இலைக்கு எத்தனை தளிர் வேண்டும்? உள்ளங்கையை விரித்தாற்போன்ற ஓர் இலை சுமார் 120 சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஒரு தளிரில் 15 இலை வைத்து நுனியைக் கிள்ளினால் 1,800 சதுர சென்டிமீட்டர். ஐம்பது தளிர் இருந்தால் 9 சதுர மீட்டர் ஆகிவிட்டது. கொடிக்கு ஐம்பது தளிர். அதாவது பந்தலின் ஒரு சதுர மீட்டருக்கு எட்டு. கால் கிலோ குலையாக 36 குலை. ஐம்பது தளிருக்கு 36 குலை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தளிரிலும் இரண்டு குலை தொங்கவிட்டுவிட்டு, பழம் ஏன் பாதி சிவப்பாகவும் பாதி பச்சையாகவும் நிற்கிறது என்று மருந்துக் கடையில் போய்க் கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கால் கிலோ குலை ஒன்றுக்கு இருபது இலை வேண்டும். ஒரு தளிர் தருவது பதினைந்து. குலையில்லாத தளிர்கள் சும்மா நிற்கவில்லை. பக்கத்துத் தளிரின் குலைக்கும் கொடியின் சேமிப்புக்கும் அவைதான் சமைத்துப் போடுகின்றன.

இங்கிருந்து கத்தரிக்கு வருவோம். பன்னீர் திராட்சைக்கு நான்கு கண் விட்டு வெட்டுவது பொதுப் பரிந்துரை. கொடிக்கு 16 குச்சி, குச்சிக்கு நான்கு கண் என்றால் 64 கண். சில கண் துளிர்க்காது. ஐம்பதுக்குச் சற்று மேலே வரும். ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? குச்சிக்கு நான்கு கண் என்பதைச் சரியாகக் கடைப்பிடித்துவிட்டு, கொடியில் நாற்பது குச்சியை விட்டுவிடுகிறோம். 160 கண். பந்தல் ஐம்பதாம் நாளில் இருட்டாகிவிடுகிறது. கண்ணை எண்ணியவர்கள் குச்சியை எண்ணவில்லை. நான் பார்த்தவரை கவாத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான். தாய்க்கிளையின் இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு குச்சி என்று பழகிக்கொண்டால் ஆட்களுக்கும் சொல்லிக்கொடுக்க எளிது.

ஒட்ட வெட்டினால், நீட்டி வெட்டினால்

எல்லாக் குச்சியையும் ஒன்று, இரண்டு கண்ணில் ஒட்ட வெட்டிவிட்டால் கொடிக்கு என்ன ஆகும்? கீழே வேர் பழைய அளவிலேயே இருக்கிறது. மேலே வாய்கள் குறைந்துவிட்டன. வேரிலும் தண்டிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து முழுவதும் அந்தச் சில தளிர்களுக்குப் பாய்கிறது. கட்டைவிரல் தடிமனில், கணுவுக்குக் கணு நீண்ட இடைவெளியில், வெற்றிலைக் கொடிபோல் ஓடும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சர்க்கரையெல்லாம் ஓடும் நுனிக்கே போகும். பூக்கும் நேரத்தில் பூ உதிரும். அதோடு, ஓட்டம் மிகுந்த தளிரின் கண்ணில் குலைக்கரு சரியாகத் திரளாது. சில கண்களில் முதல் மொட்டே கருகிப்போகும். திராட்சைக் கண் ஒன்றுக்குள் மூன்று மொட்டு ஒளிந்திருக்கிறது. பழம் பெரும்பாலும் முதல் மொட்டில்தான். அது கருகினால் இரண்டாவது துளிர்க்கும். இலை வரும், குலை வராது.

ஒட்ட வெட்டுவது கொடிக்கு வலு சேர்க்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் திராட்சை ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட விங்க்ளர் இதைப் பல ஆண்டுச் சோதனைகளில் தெளிவாக்கினார்: கவாத்து ஒவ்வொரு தளிரையும் தனித்தனியே வலுவாக்குகிறது, கொடியின் மொத்த வளர்ச்சியைக் குறைக்கிறது. காரணம் எளிது. இலைகள் தாமதமாக வருகின்றன, மொத்த இலைப்பரப்பு குறைகிறது, வேருக்குப் போகும் சோறு குறைகிறது. தொடர்ந்து பல பருவம் ஒட்ட வெட்டிய கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் வெள்ளை வேர் குறைந்திருப்பது தெரியும்.

நீட்டி, எட்டுப் பத்துக் கண் விட்டால் வேறு தொல்லை. நுனிக்கண் முதலில் துளிர்த்துவிட்டு அடிக்கண்ணை அமுக்கும். குச்சியின் அடி மொட்டையாகும். அடுத்த முறை அந்த நுனித் தளிரில்தான் வெட்ட முடியும். மூன்று நான்கு கவாத்தில் காய்ப்பு தாய்க்கிளையை விட்டு விலகிப் போய், நடுவில் வெற்றுக் கட்டை மட்டும் மிஞ்சும். இலை கூரையின் ஓரங்களில் குவியும். வெயில் விழும் இடத்தில் இலை இல்லை. இலை இருக்கும் இடத்தில் நெரிசல். இதைத் தவிர்க்கத்தான் பென்சிலைவிட மெலிந்த குச்சி, பட்டை இன்னும் பச்சையாக இருக்கும் குச்சி எல்லாவற்றையும் ஒன்றிரண்டு கண்ணில் வெட்டுவது. அவை இந்த வெள்ளாமைக்குக் குலை தராது; அடுத்ததற்கு தாய்க்கிளைக்குப் பக்கத்திலேயே புதுக் குச்சி தரும். ஒரே கொடியில் நான்கு கண் குச்சியும் இரண்டு கண் குச்சியும் கலந்திருக்க வேண்டும் என்பதை ஆட்களுக்குப் புரியவைத்தால் பாதி வேலை முடிந்தது.

விதையில்லா திராட்சையில், குறிப்பாகத் தாம்சன் வகையில், அடிக்கண்கள் பெரும்பாலும் குலை தராது. அதனால்தான் மகாராஷ்டிரத்தில் குச்சியை நீட்டி விடுகிறார்கள். நாசிக் பக்கம் வழக்கமே வேறு: ஏப்ரலில் ஒட்ட வெட்டி, அந்தப் பருவம் முழுவதும் குச்சியை மட்டும் தயார் செய்துகொள்வார்கள், அக்டோபரில் நீட்டி வெட்டிக் குலை எடுப்பார்கள். இரண்டு கவாத்து, ஒரு வெள்ளாமை. நாமோ ஒவ்வொரு கவாத்திலும் பழம் எடுக்கிறோம். அங்கே எடுத்த காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு இங்கே பன்னீர் திராட்சையில் கத்தரி வைத்தால் கொடி குழம்பிப் போகும்.

அடுத்த வெள்ளாமை இப்போதே முடிவாகிறது

இந்த நூலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

கவாத்து செய்த எட்டு முதல் பன்னிரண்டு நாளில் கண் உப்பித் துளிர்க்கும். நான்கைந்து இலை விரியும்போது பூங்கொத்து வெளியே தெரியும். அது அன்று உருவானதில்லை; போன பருவத்தில் அந்தக் கண் இளசாக இருந்தபோதே உள்ளே உருவாகிவிட்டது. அதேபோல் இந்தப் பருவத்துத் தளிரின் கணுக்களில் அடுத்த பருவத்துக் குலைக்கரு, கவாத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது முதல் அறுபது நாளுக்குள் திரள்கிறது. கண்ணுக்குள் தோன்றும் அந்தக் கரு முதலில் எதுவாகவும் ஆகலாம். வெயிலும் நல்ல ஊட்டமும் இருந்தால் குலையாகும். இருட்டில், ஓட்டம் மிகுந்த தளிரில் இருந்தால் பற்றுக்கம்பியாகிவிடும். பற்றுக்கம்பியும் குலையும் ஒரே கருவின் இரண்டு முகங்கள். அரைக்குலை, அரைக்கம்பியாகத் தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம்.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், அந்த நாற்பது முதல் அறுபது நாள் என்பது இதே தளிர் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் நேரமும்கூட. ஒரே அடுப்பிலிருந்து மூன்று பேர் கை நீட்டுகிறார்கள்: இந்தப் பருவத்துப் பிஞ்சு, அடுத்த பருவத்துக் கண், நிற்காமல் ஓடும் நுனி. இவர்களில் நுனியை மட்டும்தான் நம்மால் நிறுத்த முடியும். 12 முதல் 15 கணுவில் நுனி கிள்ளச் சொல்வது இதற்காகத்தான். கிள்ளியதும் அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை பூவுக்கும் கண்ணுக்கும் திரும்பும். கிள்ளிய பத்து நாளில் பக்கச் சிம்புகள் கிளம்பும். குலைக்குக் கீழே இருக்கும் சிம்பை முழுதாக எடுத்துவிடுங்கள். மேலே இருப்பதில் ஓர் இலை மட்டும் விட்டுக் கிள்ளுங்கள். முதிர்ந்த இலைகள் தளரும் கடைசி மாதத்தில் இந்தச் சிம்பு இலைகள்தாம் இளமையோடு நின்று உழைக்கும்.

குலையை ஒட்டிய இலைகளைப் பறிப்பது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பந்தலில் குலை கூரைக்குக் கீழே தொங்குகிறது. நேர் வெயில் அதற்குத் தேவையுமில்லை. பிஞ்சு பிடித்த பிறகு, குலையில் உரசும் இலை, தரை நோக்கிக் கிடக்கும் மஞ்சள் இலை, இவ்வளவும் போதும். நல்ல இலையைப் பறித்தால் மிச்ச இலைகள் வேகத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மை. ஆனால் ஓரளவுதான். அந்த இருப்பை நோய்க்கும் ஆடிக் காற்றில் கிழிந்துபோகும் இலைகளுக்கும் வைத்துக்கொள்வோம். நாமாகவே செலவழிக்க வேண்டாம்.

அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் நடுவே

பழத்தை வெட்டி லாரி ஏற்றியதும் தோட்டத்தை மறந்துவிடுகிறோம். அப்போதுதான் இலை வேருக்காக உழைக்கத் தொடங்குகிறது. அடுத்த கவாத்துக்குப் பின் முதல் மூன்று நான்கு வாரம், ஆறேழு இலை விரிந்து சொந்தக் காலில் நிற்கும் வரை, தளிர் முழுக்க முழுக்க இந்தச் சேமிப்பில்தான் வாழும். பூங்கொத்தின் வளர்ச்சியும் அதில் அடங்கும்.

இரண்டு ஆண்டில் ஐந்து வெள்ளாமை எடுக்கும் தோட்டங்கள் நம் பகுதியில் நிறைய. 730 நாளை ஐந்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 146 நாள். கவாத்திலிருந்து அறுவடைக்கு 120 நாள் போனால் மிஞ்சுவது 26 நாள். அந்த 26 நாளும் இலை பச்சையாக, நோயில்லாமல் நின்றால் கொடி தாக்குப்பிடிக்கும். அடிச்சாம்பல் நோயில் இலை கருகிப் போன தோட்டத்தில் அதே 26-ஆம் நாள் கத்தரி வைப்பது, கையிருப்பு இல்லாத வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல. அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒரு வெள்ளாமையை விட்டுக்கொடுத்து, இரண்டு மாதம் இலை வளர்த்து, பிறகு வெட்டச் சொல்வேன். ஆண்டு முழுவதும் கம்பத்தில் பழம் கிடைப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அது ஒவ்வொரு தோட்டமும் வெவ்வேறு நாளில் வெட்டுவதால் வருவது. ஒரே தோட்டத்தை ஓய்வில்லாமல் ஓட்டுவதால் அல்ல.

சேமிப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. குச்சியைக் குறுக்கே வெட்டி, முகத்தில் அயோடின் டிங்சர் ஒரு சொட்டு விடுங்கள். வெட்டு முகம் சீராகக் கருநீலமானால் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. வெளுத்த பழுப்பாகவே நின்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். நடுச் சோறு சிறுத்துப் பழுப்பாகவும், பட்டை முழுவதும் மரநிறமாகவும் இருக்க வேண்டும் என்பது பழைய அடையாளம். அதுவும் நம்பத்தக்கதே.

வெட்டிய அன்றும் பிறகும்

கண்ணுக்கு ஒரு விரல்கிடை மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். வெட்டில் நீர் சொட்டினால் பதற வேண்டாம். அதில் சத்து மிகக் குறைவு. பெரிய வெட்டுகளில் போர்டோ பசை தடவுங்கள். துளிர் ஒன்றுபோல் வர ஹைட்ரஜன் சயனமைடு பூசுவோர், வெட்டிய இரண்டு நாளுக்குள் பூச வேண்டும். அது கடுமையான நஞ்சு. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக் கூடாது. பூசும் ஆள் அதற்கு முந்தைய நாளிலிருந்தே மதுவை நிறுத்தியிருக்க வேண்டும். பூசிய பின்னும் ஒரு வாரம் தொடக் கூடாது. இரண்டும் உடலுக்குள் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். கூலி கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குற்றம்.

வெட்டிய குச்சியை ஓரத்தில் கொட்டிவிடாமல், பத்துக் கொடியின் குச்சியை மட்டும் தனியே கட்டி எடை போடுங்கள். போன வெள்ளாமையில் அந்தப் பத்துக் கொடி தந்த பழத்தின் எடையை இதனால் வகுத்தால் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் வருவது நல்ல சமநிலை. பிரான்சின் மோன்பெலியே நகரில் பணியாற்றிய ரவாஸ் பெயரால் வழங்கும் அளவு இது. பத்தைத் தாண்டினால் கொடி தாங்காத சுமை, அடுத்த முறை குலையைக் குறையுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் இலையும் குச்சியும் மிகுந்துவிட்டன. தண்ணீரையும் தழைச்சத்தையும் குறைத்துப் பாருங்கள். குளிர்நாட்டில் பிறந்த அளவு என்பதால் நம் பந்தலுக்கு அதை எல்லைக்கல்லாக வைக்காமல், ஒரே தோட்டத்தைப் பருவத்துக்குப் பருவம் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐம்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தலுக்குள் போய்த் தரையைப் பாருங்கள். சிறு சிறு வெயில் பொட்டுகள் தரையெங்கும் சிதறி, காற்றில் இலை அசைய அவையும் அசைந்தால் கவாத்து சரி. பொட்டே இல்லாமல் தரை குளிர்ந்து இருண்டிருந்தால், குலையில்லாத மெலிந்த தளிர்களை அன்றே அடியோடு எடுங்கள். கண்ணில் கரு திரள இன்னும் பத்து நாள் மிச்சமிருக்கிறது. கை அகலத்துக்குப் பெரிய வெயில் திட்டுகள் கிடந்தால் தளிர் போதவில்லை. இந்த முறை பக்கச் சிம்புகளில் இரண்டு மூன்று இலை கூடுதலாக விடுங்கள். எந்த வரிசையில் எது கண்டீர்கள் என்பதைக் குறித்துவைத்து, அடுத்த கவாத்து நாளன்று ஆட்கள் கத்தரி எடுக்கும் முன் அந்த வரிசையில் ஒரு கொடியை உங்கள் கையால் வெட்டிக் காட்டுங்கள்.